மேற்கு வெயில் அறையும் ஊளையிடும் கதவும்: நாமே பார்ப்பதா, ஆளைக் கூப்பிடுவதா?

கேள்வி: செங்காங்வாசி, 6 ஏப்ரல் 2025, இரவு 10.40

சிங்கப்பூர், செங்காங்கில் நாலறை வீடு, உயரமான மாடி. மாஸ்டர் பெட்ரூம் மேற்கு பார்த்தது. ஏர்கானை 18-ல் வைத்தாலும் நள்ளிரவு வரை வியர்க்கிறது. பக்கத்து அறையில் பிள்ளைகள் 25-லேயே போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். காற்றடிக்கும் நாளில் வாசல் கதவுக்கு அடியில் ஊளைச் சத்தம் வேறு. ஏர்கான்காரர் பெரிய யூனிட்டாக மாற்றச் சொல்கிறார். ஜன்னல் கண்ணாடியில் வெயிலைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுகிறவர் 700 வெள்ளி (டாலர்) கேட்கிறார். மாமனாரோ ஹார்ட்வேர் கடையில் ரப்பர் பட்டை வாங்கி ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழையபுளோக், 6 ஏப்ரல், இரவு 11.55

இப்போதைக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். படுக்கப் போகும்முன் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள், அப்புறம் எதிர்ச் சுவரில் வையுங்கள். என்ன தெரிந்தது என்று இங்கே எழுதுங்கள். பெரிய யூனிட் பேச்சை அதற்கப்புறம் பார்க்கலாம்.

பழையபுளோக், 7 ஏப்ரல், இரவு 8.20

மேற்குச் சுவரைத் தொட்டால் "இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் இருக்கும்.

என் வீடு அங் மோ கியோவில், பழைய புளோக். எங்கள் படுக்கையறையும் மேற்கு. துப்பாக்கி வடிவில், சிவப்புப் புள்ளி காட்டும் வெப்பமானி ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி மாலை 6 மணிக்கு அளந்து பார்த்தேன். மேற்குச் சுவரின் உள்பக்கம் 36 டிகிரி, எதிர்ச் சுவர் 30. இரவு 10 மணிக்கும் மேற்குச் சுவர் 34-ஐ விட்டு இறங்கவில்லை. வெயில் ஏழேகாலுக்கே போய்விட்டது, ஆனால் கான்கிரீட் மதியத்தில் இருந்து வாங்கி வைத்த சூட்டை அதற்குப் பிறகுதான் உள்ளே விடுகிறது. ஏர்கான் குளிர்விப்பது காற்றை. கட்டிலில் கிடக்கிற உடம்போ அந்தச் சுவரிலிருந்து நேராக வருகிற வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது. ரிமோட்டில் 18 என்று இருந்தும் வியர்ப்பது அதனால்தான். யூனிட்டைப் பெரிதாக்கினால் காற்று இன்னும் சில்லென்று ஆகும், கரண்ட் பில்லும் ஏறும். சுவர் இருந்தபடியே இருக்கும்.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே. வடக்கு பார்த்த ஜன்னலில் ஜூனை ஒட்டி வெயில் விழும், தெற்கு பார்த்ததில் டிசம்பரை ஒட்டி விழும். கிழக்கு மேற்குக்காரர்களுக்கு ஆண்டு முழுதும் உண்டு. அதிலும் ஏப்ரல், மே மாதங்களில் காற்றும் செத்துப்போயிருக்கும். இங்கே பதிவான அதிகபட்ச வெப்பம் 37.0 டிகிரி, இரண்டு முறை: 1983 ஏப்ரல் 17-ல் தெங்காவில், 2023 மே 13-ல் அங் மோ கியோவில். இரண்டாவது எங்கள் பேட்டை. பெருமைப்பட ஒன்றுமில்லை.

காசில்லாமல் செய்யக்கூடியது இவ்வளவு. கட்டிலின் தலைமாட்டை மேற்குச் சுவரை விட்டு நகர்த்துங்கள். அந்தச் சுவருக்கு அலமாரியைக் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற திரைச்சீலையை மதியம் வெயில் திரும்பும்முன் இழுத்து மூடுங்கள். உள்ளே இருக்கிற திரை கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பத்தைத்தான் பார்க்கும். அது வெள்ளையாக இருந்தால் ஒரு பங்கையாவது வெளியே திருப்பி அனுப்பும். இருட்டியதும் ஏர்கானைத் தட்டிவிடாமல், ஜன்னலைத் திறந்து, மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பழையபுளோக், 9 ஏப்ரல்

இனி கதவு. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மாமனார் பக்கம்தான் நான்.

ஆனால் ஒட்டுவதற்கு முன் ஊதுபத்தி. மின்விசிறி, ஏர்கான் எல்லாவற்றையும் நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, ஒரு பத்தியைக் கொளுத்தி வாசல் கதவின் அடியில் பிடியுங்கள். புகை நேராக எழும்பினால் அங்கே கசிவில்லை. படுத்துக்கொண்டு ஒரு பக்கமாக இழுபட்டால் இருக்கிறது. அப்படியே கதவு நிலை, ஜன்னல் ரப்பர், குளியலறைக் கதவு என்று வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கள் வீட்டில் கதவைத்தான் சந்தேகப்பட்டேன். புகை சிதறிய இடம் வேறு: உள் யூனிட்டுக்குப் பின்னால், செம்புக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிற ஓட்டை. குழாய்களை மறைக்கிற பிளாஸ்டிக் உறையான டிரங்கிங்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், நிறுவியபோது அடைத்த பட்டி (மாவு மாதிரிப் பிசைந்து அடைப்பது) காய்ந்து, வெடித்து, உதிர்ந்து கிடந்தது. விரல் நுழைகிற சந்தில் வானம் தெரிந்தது. குளிரூட்டிய அறைக்குள் வருடக்கணக்காகச் சூடான ஈரக்காற்று அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் அந்த வெள்ளைப் பட்டி சில வெள்ளிதான். கையால் பிசைந்து அடைத்துவிட்டேன். சர்வீசுக்கு வந்துபோன எவரும் அதைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. கழுவத்தான் கூப்பிட்டோம், கழுவிவிட்டுப் போனார்கள்.

ஊளைச் சத்தம் உயர மாடிக்காரர்களின் தனிச் சொத்து. காற்று ஒரு பக்க ஜன்னலில் மோதி வீட்டை ஊதி நிரப்புகிறது. வெளியேற வழி தாழ்வாரப் பக்கம் இருக்கிற கதவு இடுக்கு மட்டும்தான். இடுக்கு குறுகினால் சத்தம் கூடும், எனவே அரைகுறையாக அடைத்தால் இன்னும் பாடும். ஸ்பாஞ்ச் பட்டை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அது உரிந்து கறுப்புப் பசையை மட்டும் மிச்சம் வைக்கும். அடிப்பக்கத்துக்குத் தூரிகை மாதிரி முடி வைத்த பட்டை அல்லது சிலிகான் பட்டை, நிலைக்கு நல்ல ரப்பர் பட்டை. வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் துளை போடவோ, அடியைச் சீவவோ கூடாது. ஒட்டும் வகை மட்டும்.

பழையபுளோக், 14 ஏப்ரல்

புத்தாண்டுக்கு வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் ஒரே சோபாவில், ஏர்கானுக்கு நேர் எதிரே. மீதி ஹாலில் ஆளில்லை. வடை மட்டும் எல்லாப் பக்கமும் சமமாகப் போனது.

பழையபுளோக், 20 ஏப்ரல், மாலை

பிள்ளைகள் அறை ஏன் குளிர்கிறது என்ற கேள்வியை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உங்களுடையது சிஸ்டம் 3 என்கிறீர்கள், மூன்று அறைக்கும் வெளியே ஒரே கம்பிரசர். இரண்டு படுக்கையறைக்கும் ஒரே அளவு, 9,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு). சின்ன அறை, மேற்கு வெயில் இல்லை, அதே யூனிட். அது குளிராமல் என்ன செய்யும்? மூன்றையும் சேர்ந்தாற்போல் ஓட்டினால் வெளி யூனிட்டின் சக்தி பங்காகும், அதிலும் அடிபடுவது வெயில் அறைதான்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. வெப்பத்தை உணரும் சென்சார் பெரும்பாலும் உள் யூனிட்டுக்குள்ளேயே, காற்றை உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. அதாவது மேல்தளத்துக்குக் கொஞ்சம் கீழே. எதிரே உயரமான அலமாரி நின்றால், குளிர்காற்று அதில் மோதி உடனே திரும்பி வரும். யூனிட் அறை குளிர்ந்துவிட்டதாக எண்ணிச் சோம்பிவிடும். கட்டிலில் இருப்பவர் வெந்துகொண்டிருப்பார். அலமாரியை மேற்குச் சுவருக்குக் கொடுங்கள் என்று 7-ஆம் தேதி சொன்னேன், அது யூனிட்டுக்கு நேர் எதிர்ச் சுவராக இருந்தால் யூனிட்டில் காற்றைத் திசைதிருப்பும் தகட்டை மேல்நோக்கித் திருப்பி, அலமாரியைத் தாண்டிப் போகும்படி வையுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு இதே வியாதி தலைகீழாக. காற்று நேராக அவர் தலையில் விழும், குல்லா போட்டுக்கொண்டு படுப்பார். சிங்கப்பூரில் குல்லா! ஏர்கானை 27-ல் வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்ட பிறகு குல்லா இறங்கியது. மின்விசிறி அறையைக் குளிர்விக்காது, ஆனால் அறைக்குள் ஒரு மூலை ஐஸ், ஒரு மூலை அடுப்பு என்று இருப்பதைக் கலக்கிவிடும். தேசியச் சுற்றுப்புற வாரியமும் 25 அல்லது அதற்கு மேல் வைக்கத்தான் சொல்கிறது. கூரையில் கொக்கியும் மின்முனையும் ஏற்கெனவே இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. புதிதாக வயர் இழுக்க வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான், இதில் மச்சான், நண்பன் என்று யாரையும் ஏணியில் ஏற்றாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு, மின்சாரமும் தண்ணீரும் மிச்சம் பிடிக்கும் சாதனங்கள் வாங்க 2024 ஏப்ரலில் இருந்து கொடுத்த 300 வெள்ளிப் பற்றுச்சீட்டு, கரண்ட் குறைவாக இழுக்கும் டிசி மோட்டார் விசிறிக்கும் செல்லும். மிச்சம் இருந்தால் பாருங்கள்.

பழையபுளோக், 27 ஏப்ரல்

"கேஸ் குறைந்துவிட்டது அண்ணே, டாப்-அப் பண்ணணும்." உங்களுக்கும் சொல்லியிருக்கிறார்களா? எனக்கு ஒவ்வொரு சர்வீசிலும் சொன்னார்கள்.

ஏர்கானில் உள்ள கேஸ் பெட்ரோல் இல்லை, ஓடி ஓடித் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த முறையும் அதே வசனம் கேட்கும். "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்று கேட்டேன். வந்தவர் நுழைவாயில் பக்கம் பார்த்தார், அப்புறம் ரசாயனம் விட்டுக் கழுவுகிற கெமிக்கல் வாஷுக்கு யூனிட்டுக்கு 90 வெள்ளி என்று பேச்சை மாற்றினார். கம்பெனிப் பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ஆளைக் கூப்பிடும்முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, யூனிட் உறிஞ்சும் இடத்திலும் வெளிவிடும் இடத்திலும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். 8-லிருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் நலம், சிக்கல் அறையில் இருக்கிறது. 3, 4 டிகிரிதான் என்றால் முதலில் ஃபில்டரைக் கழுவிவிட்டுத் திரும்ப அளக்கவும். அப்படியும் ஏறவில்லையென்றால் தொழில் தெரிந்தவர் வரத்தான் வேண்டும்.

ஃபில்டர், நீர்வடிகுழாய் இரண்டும் நம் கை. ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் இருந்தால், குழாயின் முனையில் துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்தால் வழவழவென்று ஒரு சளி வந்து விழும். சாப்பிடும்முன் செய்ய வேண்டாம். கேஸ், கம்பிரசர், டிரங்கிங்குக்குள் குழாயைச் சுற்றியிருக்கிற கறுப்பு நுரை உறை, இவை அவர்கள் கை. புதிய யூனிட்டுகளில் இருக்கும் ஆர்32 என்ற கேஸ் கொஞ்சம் தீப்பற்றக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். வெளி யூனிட்டைத் தொட ஜன்னலுக்கு வெளியே எட்டுகிற வேலை எந்த நாளிலும் நமக்கில்லை. புது யூனிட் பொருத்துவதென்றால் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்ற ஆள்தான் பொருத்த வேண்டும் என்பது வீவக விதி, அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

பழையபுளோக், 3 மே, மதியம்

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். வரிசையில் முன்னால் நின்ற அங்கிளும் ஏர்கான் சொட்டுகிற கதையைத்தான் சொன்னார்.

நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார்: பட்டை ஒட்டுவது பிடித்துப்போய், சமையலறை ஜன்னல், துணி காயப்போடும் இடம் எல்லாவற்றையும் அடைக்கப் போகிறாராம். நிறுத்துங்கள். பழைய வீடுகளில் அங்கேதான் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. கேஸ் எரிகிற இடத்தில் காற்று வரும் வழியை ஒரு சந்துகூட அடைக்கக் கூடாது.

பாம் ஷெல்டருக்கும், அதாவது குண்டுவீச்சில் ஒதுங்க வீட்டுக்குள் கட்டியிருக்கும் தடித்த சுவர் அறைக்கும், இதுவே. சுவரில் உள்ள காற்றோட்டத் தகடுகளை நிரந்தரமாக மூடுவது, கதவை மாற்றுவது எல்லாம் சட்டப்படி முடியாது. அதில் இருந்து சூடு வருகிறது என்பவர்கள் உள்ளே அடைத்து வைத்த அரிசி மூட்டையையும் பழைய சைக்கிளையும் முதலில் எடுங்கள்.

அடைப்பது ஏர்கான் ஓடும் அறைக்கு. ஏர்கான் இல்லாத இடத்துக்குத் திறப்பதுதான் வைத்தியம். இந்த இழையில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் கலப்பதால் வருகிறது.

பழையபுளோக், 11 மே

ஃபிலிம் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தேன். மேற்கு ஜன்னல் பெரிதாக இருந்தால் ஃபிலிம் வேலை செய்யும், சுவரை விடக் கண்ணாடி வழியாக வருவதுதான் உடனே உறைக்கும். ஆனால் கறுப்பாக இருந்தால் வெயிலைத் தடுக்கும் என்று நினைத்து மலிவான கறுப்புச் சுருளை வாங்கி ஒட்டுவது ஆகாது. கறுப்பு ஃபிலிம் வெப்பத்தை விழுங்கி, கண்ணாடியையே சூடாக்கும். நடுவில் சூடு, சட்டத்துக்குள் இருக்கிற விளிம்பில் குளிர்ச்சி என்று இழுபட்டுச் சில கண்ணாடிகள் விரிசல் விடும். கம்பிவலை வைத்த கண்ணாடிக்கும் இரண்டு அடுக்கு ஒட்டிய கண்ணாடிக்கும் இந்த ஆபத்து கூடுதல். எந்தக் கண்ணாடி என்று பார்த்து, அதற்கேற்ற ஃபிலிம் சொல்லி, விரிசலுக்கும் சேர்த்து உத்தரவாதம் எழுதித் தருபவர் என்றால் 700 வெள்ளி நியாயம். வாய்வார்த்தை என்றால் வேண்டாம். குமிழி ஒன்று, இரண்டு விழுந்தால் அழகுதான் கெடும், கண்ணாடி போனால் கீழே நடப்பவர் தலை.

ஜன்னலின் ரப்பரை மாற்றுவது நாமே செய்யலாம். கீல், சட்டம், திருகாணி பக்கம் போகக் கூடாது. வெளியே திறக்கும் பழைய ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகள் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டாக மாற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஜன்னல் கழன்று விழுந்தால் வீட்டுக்காரருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அங்கீகாரம் பெற்ற ஜன்னல் குத்தகைக்காரரைக் கூப்பிடுங்கள்.

பழையபுளோக், 25 மே, இரவு

செங்காங்வாசியின் புதுப் புகார்: பிள்ளைகள் அறையை நன்றாக அடைத்ததும் இன்னும் குளிர்கிறது, ஆனால் அந்தச் சுவரின் மறுபக்கம், ஸ்டோர் அலமாரிக்குள் தொங்கும் சட்டைகளில் சாம்பல் நிறப் பூஞ்சை.

இது பட்டையின் குற்றமில்லை. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம், ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருளைத் தொட்டாலும் தண்ணீராகப் படியத் தொடங்கும். பிள்ளைகள் ஏர்கானை 25-லிருந்து இறக்கி ராத்திரி முழுதும் 20-ல் வைத்தால் சுவரும் மெல்ல மெல்லக் குளிர்ந்துவிடும். மறுபக்கம் ஏர்கான் இல்லாத, மூடிய, காற்றசைவில்லாத அலமாரி. ஈரம் அங்கே போய்ப் படியும். ஈரம் உறிஞ்சும் உலர்பெட்டி வாங்கி வைத்தால் அது நிரம்பிக்கொண்டே இருக்கும். 25, 26-க்கு ஏற்றுங்கள், அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்துங்கள், கதவைப் பகலில் திறந்து வையுங்கள். மேற்குச் சுவர் அலமாரிக்கும் அதே இடைவெளி வேண்டும். முன்பே எழுதியிருக்கலாம்.

இதே காரணத்தால்தான் பெரிய யூனிட்டுக்கு நான் தலையாட்டவில்லை. அளவுக்கு மீறிய யூனிட், அதுவும் பழைய வகை, சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் போதாது. அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏர்கானில் இந்தத் தொல்லை குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது.

அடைத்த அறையில் காலையில் தலை கனக்கிறது என்றும் ஒருவர் சொன்னார். நம் வீட்டு ஏர்கான் அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றவிடுகிறது, வெளிக்காற்று ஒரு மூச்சுகூட வராது. படுக்கும்முன்னும் எழுந்த பின்னும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறங்கள்.

பழையபுளோக், 22 ஜூன்

2013-ல் இதே வாரம், ஜூன் 21, புகைமூட்டத்தில் பிஎஸ்ஐ (காற்று மாசுக் குறியீடு) 401. ஈரத்துணியைச் சுருட்டிக் கதவடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவுப் பட்டை ஒட்டியவர்களுக்கு இனி புகைமூட்டம் வந்தாலும் அந்த வேலை மிச்சம். பக்கத்து வீட்டு சிகரெட்டுக்கும் சீனர்கள் ஏழாம் மாதத்தில் எரிக்கும் காகிதத்தின் சாம்பலுக்கும் அதே பட்டைதான்.

பழையபுளோக், 29 ஜூன்

செங்காங்வாசி தனிமடலில் சொன்னது: பட்டி, பட்டை, திரை, விசிறி எல்லாம் சேர்த்து 200 வெள்ளிக்குள். ஊளை நின்றது. மாஸ்டர் அறையில் இப்போது 25-ல் தூக்கம் வருகிறது, ஆனால் மாலை 6-லிருந்து 9 வரை அந்தப் பக்கமே போவதில்லையாம். அந்த மூன்று மணி நேரத்துக்கு ஃபிலிம் போடலாமா என்று யோசிக்கிறார். போடலாம், எழுத்தில் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு.

பழையபுளோக், 6 ஜூலை

வாடகை வீட்டுக்காரர் ஒருவர்: சுவரைத் துளைக்க உரிமையாளர் விடவில்லை, சக்கரம் வைத்த ஏர்கான் வாங்கலாமா?

ஒற்றைக் குழாய் வைத்ததாக இருந்தால் யோசியுங்கள். அது அறைக்குள் இருக்கிற, காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றையே எடுத்து, தன் சூட்டோடு சேர்த்து ஜன்னல் வழியாக வெளியே ஊதுகிறது. போன காற்றுக்கு ஈடாக எல்லாச் சந்திலும் சூடான ஈரக்காற்று உள்ளே வரும், ஊதுபத்தி பிடித்தால் வாசல் வரை இழுக்கும். சந்துகளை அடைத்தால் அது மூச்சுத் திணறும். வாங்கியே தீர வேண்டுமென்றால் இரண்டு குழாய் உள்ளதை வாங்குங்கள்: ஒன்று வெளிக்காற்றை எடுக்க, ஒன்று விட. கடையில் முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். பின்பக்கத்தைத் திருப்பச் சொல்லி, எத்தனை ஓட்டை என்று எண்ணிவிட்டுப் பணத்தை எடுங்கள்.